பொரளைச் சுவர்களில் எழுதுவோர் யாவர்? சுவரெழுத்தும் பிரதேச ஆதிக்கமும் பற்றிய ஓர் ஆய்வு

சுவரில் எழுதப்பட்டிருப்பதைக் கொண்டு அச்சுவர் யாருடைய ஆதிக்கத்துக்கு உட்பட்டது என்று நிர்ணயிக்க முடியுமா என்னும் வினாவுக்கு, முடியும் என்று தக்க ஆதாரத்தோடு விடை கூறியவர்கள் டேவிட் லே, ரோமன் சிப்ரிவ்ஸ்கி என்னும் புவியியலாளர் இருவர். 1974ஆம் ஆண்டில் வெளியான அவர்களது கட்டுரை, பிலடெல்பியா நகரத்து இளைஞர் கோஷ்டிகள் சுவர்களில் எழுதிய பெயர்களைத் தெருவாரியாக ஆராய்ந்து, ஒரு கோஷ்டியின் ஆட்சி உறுதியாக நிலைபெற்ற உட்பகுதியில் அதன் பெயர் செறிந்தும், இரு கோஷ்டிகளின் எல்லைகள் முட்டும் தெருக்களில் வசையும் சவாலும் மிகுந்தும் காணப்படும் என்று காட்டிற்று. இம்முடிபு கொழும்பு 8 என்னும் தபாற்பிரிவுக்குரிய பொரளையிலே எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரும்பாலும் செல்லாது என்பது எமது அபிப்பிராயம். ஆயினும் அது செல்லாமற்போவதற்குரிய காரணங்களை விசாரிக்கும்போதுதான் இந்நகரத்தின் அதிகாரம் எங்ஙனம் இயங்குகிறது என்பது புலப்படத் தொடங்குகிறது.

மேல்நாட்டுச் சுவரெழுத்தின் இலட்சணங்களை முதலில் வகுத்துக்கொள்வது அவசியம். கோஷ்டிகளின் எழுத்து, குழுவின் பெயரையோ முதலெழுத்துக்களையோ தாங்கி, பெரும்பாலும் ஒரே வர்ணத்தில், அலங்காரம் குறைந்து, தெருவின் பெயரோ எண்ணோ உடன்வர எழுதப்படுவது; பகைக் குழுவினர் அதைக் குறுக்கே அடித்துத் தம் பெயரை மேலே எழுதுவாராயின் அது யுத்தப் பிரகடனமாகவே கொள்ளப்படும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மெக்சிக்க வம்சாவளிக் குழுக்கள் சில 13 என்னும் எண்ணை எழுதுவது, ஆங்கில அரிச்சுவடியின் பதின்மூன்றாம் எழுத்தாகிய 'எம்' ஒரு சிறைச்சாலைக் கூட்டத்தைச் சுட்டுவதனாலேயே என்பதை அங்குள்ள பொலிசார் யாவரும் அறிவர். தனியே திரிந்து தன் புனைபெயரை எழுதுபவனோ வேறு ஜாதி. அவனுக்கு ஆளவேண்டிய தெரு எதுவும் இல்லை. ஊர் முழுவதும் தன் பெயரைக் காணவேண்டும் என்னும் ஆசை ஒன்றே உண்டு. 1971 ஜூலை 21ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை 'டாக்கி 183' என்று எங்கும் எழுதிச் சென்ற கிரேக்க வம்சத்து இளைஞன் ஒருவனைப் பற்றி எழுதியபோதுதான் இவ்வகையினர் உலகின் கவனத்துக்கு வந்தனர். டாக்கி என்பது அவனுடைய செல்லப்பெயர். 183 அவன் குடியிருந்த தெருவின் எண். பெயரையும் ஊரையும் சேர்த்துச் சுவரில் எழுதிவைக்கும் இவ்விச்சை நியூயோர்க்கின் கண்டுபிடிப்பு என்று மயங்கவேண்டியதில்லை. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே எட்டாம் நூற்றாண்டு முதலாக வந்துபோனோர் கீறிவைத்த பாக்களுள் 685ஐ செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அவற்றுட் பலவற்றில் பாடியவரின் பெயரும் ஊரும் பதவியும் ஒழுங்காகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இனிப் பொரளைக்கு வருவோம். சந்தியிலிருந்து தெமட்டகொடைப் பக்கமாக பேஸ்லைன் வீதி வழியேயும், ராஜகிரியப் பக்கமாக கொட்டா வீதி வழியேயும் நடந்து செல்பவர் காணும் சுவர்கள் பெரும்பாலும் காகிதத்தால் மூடப்பட்டவை. உயர்தர மாணவருக்கான டியூஷன் வகுப்பு ஆசிரியர்களின் புன்னகை பூத்த முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். பொது மயானத்தையும் மலர்ச்சாலைகளையும் அண்டிய பகுதிகளில் அஞ்சலிப் பதாதைகள் தொங்கும். விளம்பரம் ஒட்டாதே என்னும் கட்டளை மும்மொழியிலும் எழுதப்பட்ட இடத்திலேயே விளம்பரம் தடிப்பாக இருக்கும். வனாத்தமுல்லையில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் நுழைந்தாலோ காகிதம் குறைகிறது. கரியால் வரைந்த மூன்று கிரிக்கெட் ஸ்டம்புகள், விளையாட்டுக் கழகம் ஒன்றின் பெயர், இருதயத்துக்குள் இரண்டு முதலெழுத்துக்கள், பாடசாலையை விட்டு நீங்கிய ஆண்டு என இவ்வளவே. இவற்றை ஒரு வெளியூரான் பாதாள உலகத்தின் முத்திரைகள் என்று எண்ணி அஞ்சலாம். அப்படி அஞ்சுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

பொரளையிலும் அதனையடுத்த மாளிகாவத்தையிலும் குற்றக் கோஷ்டிகள் இல்லையென்று சொல்ல வரவில்லை. பத்திரிகை வாசிப்போர் யாவரும் அறிந்த விஷயம் அது. அக்கோஷ்டிகள் ஏன் சுவரில் எழுதுவதில்லை என்பதே எமது வினா. வீட்டோடு வீடு ஒட்டிய தோட்டமொன்றில் யார் யாருடைய ஆள் என்பது குழந்தைக்கும் தெரியுமாதலால், அதை வர்ணம் பூசி அறிவிக்கவேண்டிய தேவை எழுவதில்லை என்பது ஒரு காரணம். அவர்கள் நடத்தும் ஹெரோயின் வியாபாரத்துக்கு மௌனமே மூலதனம் என்பது மற்றொன்று. இவற்றிலும் முக்கியமாக நாம் கருதுவது வேறொரு காரணத்தை. குற்றக் கோஷ்டித் தலைவர்களாகிய மாகந்துரே மதூஷ், கணேமுல்லை சஞ்சீவ என்னும் இருவரின் பெயர்களைச் சற்று உற்றுநோக்குக. முன்னவர் 2019இல் துபாயிலே கைதாகி நாடுகடத்தப்பட்டு, 2020 ஒக்டோபரில் பொலிஸ் காவலில் இருந்தபோதே மாளிகாவத்தையில் சுடப்பட்டு இறந்தவர். பின்னவர் 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். இருவர் பெயரும் ஊரும் பேருமாக அமைந்தவை. டாக்கி 183 தன் கையால் ஆயிரம் இடங்களில் எழுதவேண்டியிருந்த அதே வாய்பாட்டை, இங்கே பொலிஸ் ஊடகப் பிரிவும் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் நாள்தோறும் இலவசமாக எழுதிக் கொடுக்கின்றன. கோஷ்டித் தலைவனுக்கு வேண்டிய கீர்த்தி இங்ஙனம் வீடுதேடி வரும்போது, இரவில் வர்ணக் குப்பியோடு அலையும் சிரமம் அவனுக்கு எதற்கு?

ஆகவே பிரதேச ஆதிக்கத்தை அறிவிக்கும் எழுத்து பொரளையில் இல்லையென்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. அது இருக்கிறது, அதை எழுதுவோர் வேறு. 1989 பெப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலிலே விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தபின், வாக்காளன் கட்சியொன்றுக்கு வாக்களித்து, அக்கட்சியின் பட்டியலிலிருந்து மூவர் வரையில் தன் விருப்பை எண்ணால் தெரிவிக்கலாயினான். அதற்கு முன்னர் பொரளை தனித் தொகுதி. 1970இல் லங்கா சமசமாஜக் கட்சியின் குசலா அபேவர்தன இத்தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். அக்காலத்துச் சுவரிலே யானை, கை, சாவி என்று கட்சிச் சின்னமே பிரதானமாக இருந்தது, பகைவன் மறுகட்சிக்காரன். விருப்பு வாக்கு வந்ததும் சின்னம் சுருங்கிற்று, எண் பெருத்தது. ஒரே கட்சியின் இரு வேட்பாளர் ஒருவரையொருவர் முந்தவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டபடியால், ஒருவனுடைய எண்ணை மற்றவனுடைய ஆட்கள் இரவோடிரவாகச் சுண்ணாம்பால் அழித்துத் தம் எண்ணை எழுதும் காட்சி கொழும்பு மாவட்டமெங்கும் சாதாரணமாயிற்று. குறுக்கே அடித்து மேலெழுதுதல், பெயரோடு எண்ணைச் சேர்த்தல், எழுதும் கூட்டத்துக்குக் காவலாக ஆயுதந்தாங்கிய ஆட்கள் உடன்செல்லுதல் என, பிலடெல்பியாக் கோஷ்டிகளின் இலட்சணங்களுள் ஒன்றேனும் இதில் குறையவில்லை.

ஒரேயொரு வேறுபாடு உண்டு. அது பெரிய வேறுபாடு. லேயும் சிப்ரிவ்ஸ்கியும் கண்ட கோஷ்டி எழுத்து உட்பகுதியில் செறிந்திருந்தது. பொரளை வேட்பாளரின் எண்ணோ தோட்டங்களின் உள்ளே அருகி, பஸ் ஓடும் பெருவீதியிலும் சந்தியிலும் செறிகிறது. காரணம் தேர்தற் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. விருப்பு வாக்குகள் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றாக எண்ணப்படுவதனால், வனாத்தமுல்லையில் வீடுள்ளவனைக் காட்டிலும் ஹோமாகமையிலிருந்து பஸ்ஸில் வந்து பொரளையில் இறங்குபவனுடைய கண்ணே வேட்பாளனுக்கு அதிகம் வேண்டப்படுகிறது. ஆகவே இவன் கோஷ்டிக்காரனைப் போல எழுதினாலும் டாக்கி 183ஐப் போல இடம் தேர்கிறான். இருவகை எழுத்தையும் இரு வேறு மனிதர்க்கு உரியனவாகப் பிரித்த மேல்நாட்டு வகுப்பு இங்கே ஒரே ஆளிடத்தில் வந்து கலந்துவிடுகிறது.

சுவரிலே நடந்த இப்போட்டி சுவரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு 2011 ஒக்டோபர் 8ஆம் திகதி சாட்சி. உள்ளூராட்சித் தேர்தல் நடந்த அன்று முல்லேரியாவிலே ஆளுங் கூட்டணி அரசியல்வாதியான பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2016இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட துமிந்த சில்வா அதே கூட்டணியைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர். 2021இல் அவருக்கு ஜனாதிபதி அளித்த பொதுமன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாதென அறிவித்தது. கட்சிக்குள்ளேயே ஆயுதம் ஏந்திய அணிகள் வளர்ந்திருந்ததை நாடு முழுவதும் அன்று கண்டது. சுவரிலிருந்த எண்களை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது அதற்கு முன்னரே தெரிந்திருக்கும்.

அழிப்பதும் ஒருவகை எழுத்தே என்பதைக் கொழும்புத் தமிழர் எவரும் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டியவரல்லர். 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டதும், மறு ஆண்டில் அவ்வெழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்ட பஸ்களில் அது தாரால் அழிக்கப்பட்டதும், அதற்குப் பதிலாகத் தலைநகரிலே தமிழ் எழுத்துள்ள பெயர்ப்பலகைகள் தேடித்தேடித் தார் பூசப்பட்டதும், 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டதும், அடுத்த மாதம் கலவரம் மூண்டதும் நெருங்கிய காலத்தில் தொடர்ந்து நிகழ்ந்தவை. எந்த எழுத்து எவ்விடத்தில் இருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை தம்முடையதே என்பதைத் தார்த்தூரிகையேந்தியவர் அன்று அறிவித்தனர். சுவரெழுத்து ஆராய்ச்சி இன்று கோஷ்டி, குற்றம் என்னும் சொற்களுக்குள்ளேயே சுழல்வதால், இந்நகரம் கண்ட மிகப் பெரிய மேலெழுத்து அதன் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. 1983 ஜூலை 24ஆம் திகதி மாலையில், முதல்நாள் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 படையினரின் சடலங்களுக்காகப் பொரளை மயானத்தில் திரண்ட கூட்டம் கலவரக் கும்பலாக மாறியபோது, எந்தக் கடையின் பலகையில் எந்த மொழி இருந்தது என்பது உயிர்ப் பிரச்சினையாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம்மவர் பலகை எழுதுவிக்கும்போது இன்றும் எழுத்தின் அளவையும் வரிசையையும் யோசிப்பதை வெறும் அழகுணர்ச்சி என்று கொள்வார் யார்?

1987 முதல் 1989 வரை தெற்கிலே நடந்த ஆயுதக் கிளர்ச்சியின்போது தோன்றிய கையெழுத்துச் சுவரொட்டிகளையும் இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். கடையை மூடு என்று ஒரு துண்டுக் காகிதம் சொன்னால் வீதி முழுவதும் மூடியது. கீழே ஒப்பமிட்ட இயக்கத்தை எவரும் கண்ணாற் கண்டதில்லை; காணாமையே அவ்வெழுத்தின் பலம்.

அரசாங்கமும் சுவரில் எழுதுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டபின் கொழும்பின் சில மதில்கள் இடிக்கப்பட்டன, சில வெள்ளையடிக்கப்பட்டன. தோட்டவாசிகள் தொடர்மாடிகளுக்குக் குடியேற்றப்பட்டனர். 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த சில நாட்களுக்குள் இளைஞர் கூட்டங்கூட்டமாக வந்து பொதுச் சுவர்களிலே பண்டை அரசரையும் படைவீரரையும் இயற்கைக் காட்சிகளையும் தீட்டினர். அவற்றைத் தீட்டியவரின் உற்சாகம் மெய்யானதே. ஆயினும் வெற்றிபெற்ற தரப்பு தன் பிரதேசத்தைக் குறித்துக்கொள்ளும் செயலின் இலட்சணம் அவற்றில் இல்லையென்று துணிந்து சொல்ல எம்மால் இயலவில்லை. பொரளைக்காரர் சித்திரமுள்ள சுவரை முன்பே கண்டவர்கள். ஜோர்ஜ் கீற் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதமி விகாரையின் உட்சுவர்களில் தீட்டிய புத்த சரிதம் அங்கு இன்றும் இருக்கிறது. அது எவர் பெயரையும் அழித்துவிட்டு வரையப்பட்டதன்று.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். ஜேம்ஸ் வில்சன், ஜோர்ஜ் கெல்லிங் என்போர் 1982இல் எழுதிப் பிரசித்தமான உடைந்த ஜன்னல் வாதத்தின்படி, சிறு கிறுக்கலைக் கவனியாது விட்டால் பெருங் குற்றம் தொடரும். ஆகவே எழுதியவர் யாராயினும் உடனே அழித்தலே முறை என்பர். இவ்வாதம் தண்டிக்கப்படாத சிற்றொழுங்கீனத்தைக் குற்றத்தின் முன்னறிகுறியாகக் கொள்கிறது. பொரளையிலோ தண்டனையின்றி எழுதியோர் அதிகாரத்தை நாடியோரும் அதிகாரத்தில் இருந்தோருமே. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் தேர்தற் காலத்துச் சுவரொட்டிகளைத் தடுத்திருந்தும், நெடுங்காலம் அது ஏட்டிலேயே கிடந்தது. அண்மைத் தேர்தல்களில் பொலிசார் கூலியாட்களைக் கொண்டு சுவரொட்டிகளை அகற்றுவித்ததும், 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேர்தற் செலவுக்கு வரம்பு கட்டியதும் சுவர்களைச் சற்று வெறிதாக்கியிருக்கின்றன. அங்ஙனமிருக்க, கரியால் ஸ்டம்பு வரைந்த தோட்டத்துச் சிறுவனைப் பிடித்து விசாரிப்பதற்கு அமெரிக்கக் கட்டுரையொன்றை ஆதாரமாகக் காட்டுவது அநியாயம்.

ஒரு பகுதியின் சுவரெழுத்தை அறிய விரும்புவோர் எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தூரிகையா காகிதமா, எம்மொழி, எதன்மேல் எழுதப்பட்டது, எத்தனை நாள் அழியாது நின்றது, அழித்தவர் யார் என்பவற்றை வினவவேண்டும். ஏணி வைத்து எழுதிய எழுத்துக்குப் பின்னால் பணமும் பாதுகாப்பும் உண்டு. முழங்கை உயரத்துக் கிறுக்கலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சிறுவன் உண்டு. நெடுநாள் அழியாது நின்றதை அழிக்க அயலார் அஞ்சினரா, அக்கறையற்றிருந்தனரா என்பதை அத்தெருவில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டே அறியவேண்டும். புகைப்படம் அதைச் சொல்லாது. சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரியாதவர் இவ்வாய்வில் இறங்குதல் வீண்.

இவ்வெழுத்துக்கள் மழைக்கும் சுண்ணாம்புக்கும் இரையாகி விரைவில் மறைவன. கொழும்பு மாநகர சபை ஒரு மதிலை வெள்ளையடிப்பதற்கு முன்னர் அதைப் படமெடுத்து, இடமும் திகதியும் குறித்துத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சேர்ப்பிக்குமாயின் அதற்கு ஆகும் செலவு அற்பம். பல்கலைக்கழகங்களின் புவியியல், சமூகவியல் துறைகள் அதற்குரிய மாணவரைத் தந்துதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.