விதிவிலக்கல்ல, பழைய விதி

ஆங்கிலம் கற்கும் மாணவனை மிகவும் அலைக்கழிப்பது இறந்தகால வினை. 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும்போது 'சிங்' மட்டும் ஏன் 'சாங்' ஆகிறது? விதிவிலக்கு என்று கூறி இலக்கண நூல்கள் நகர்ந்துவிடுகின்றன. வரலாறோ, விலக்கு எனப்படுவதே மூத்த விதி என்கிறது.

உள்ளிருக்கும் உயிரொலியை மாற்றிக் காலம் காட்டுவது இந்தோ-ஐரோப்பிய மரபு. ஈற்றில் பல்லொலி சேர்ப்பது ஜெர்மானியக் கிளையில் பின்னர் தோன்றிய வழக்கம். யாக்கோப் கிரிம் 1819இல் முன்னதை வலிய வினை என்றும் பின்னதை மெலிய வினை என்றும் வகுத்தார். வென்றது என்னவோ மெலியதுதான். புதிதாக வந்த வினைகளில் பெரும்பாலானவை அதையே ஏற்றன. பழையனவும் அதன்பால் சாய்ந்தன. 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் 'ஹெல்ப்' வினைக்கு 'ஹோல்ப்பன்' என்ற வடிவம் உண்டு. இன்றைய பொதுவழக்கில் 'ஹெல்ப்ட்' மட்டுமே. மறுதலையும் நிகழ்ந்தது: அதே நூலின் 'டிக்ட்' இன்று 'டக்' ஆகிவிட்டது.

2007இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளைப் பின்தொடர்ந்தது. 98 மட்டுமே ஒழுங்கற்றவையாக எஞ்சின. நூறு மடங்கு மிகுதியாகப் புழங்கும் வினை பத்து மடங்கு மெதுவாக மாறுகிறதாம். நாவில் நாளும் புரள்வது தங்குகிறது, அரிதானது கரைகிறது.

ஆகவே 'சிங்ட்' என்றெழுதும் மாணவனைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அவன் பிழை, ஆயிரம் ஆண்டுகளாக அம்மொழி நடந்துவந்த பாதையில்தான் விழுந்திருக்கிறது.