செங்கல்பட்டு ஜாகீரைத் தேடி ரங்கப்பிள்ளை வீட்டுக்கு

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு செய்தி தவறாமல் வரும். 1749இல், தக்காணத்துச் சுபேதாரிக்கு உரிமை கோரிய முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டம் கொடுத்தார், செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தலைவராக்கினார், அந்தச் சீமை முழுவதுக்கும் வரி வருவாய்க்கு உரிமையுள்ள ஜாகீர்தாராக நியமித்தார் என்பதுதான் அது. படிப்பவர்கள் இதைப் பட்டங்களில் ஒன்று என்று கடந்துவிடுவார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊர்களின் 18ஆம் நூற்றாண்டைத் தேடிக்கொண்டிருந்த என்னால் கடக்க முடியவில்லை. செங்கல்பட்டு என்றதும் என் தலைமுறைக்கு நினைவில் வருவது பழைய பெரிய மாவட்டம். ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் அதில் அடக்கம். அப்படியானால் இன்று கார்த் தொழிற்சாலைகள் நிற்கிற இந்த மண், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமான துபாஷ் ஒருவருக்கு ஒரு காலத்தில் ஜாகீராக இருந்ததா?

இந்தப் பக்கத்திலேயே விடை தேடுவது கடினம். பழைய கோயில்கள் உண்டு, ஏரிகள் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ராமானுஜர் பிறந்த ஊர் என்ற பெருமையும் எங்கும் போகவில்லை. ஆனால் அந்தக் காலத்து வீடு, அதற்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் காகிதம் என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். காரணம் ஊகிக்கக் கூடியதே. 1780இல் மைசூர் ஐதர் அலியின் படை இந்தப் பக்கம் வந்தபோது இந்தச் சீமையின் ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள். ஆங்கிலக் கர்னல் பெய்லியின் படை திப்புவிடமும் ஐதரிடமும் அழிந்த புள்ளலூர்ப் போர்க்களம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே, இங்கிருந்து எட்டிவிடும் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே தடயத்தைப் பட்டம் வாங்கியவரின் வீட்டிலிருந்து பிடிப்பது என்று புதுச்சேரிக்குப் போனேன்.

ரங்கப்பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட்டின் இரைச்சலை ஒட்டியது. வீடு குடும்பத்தின் உடைமை. நேரம் குறித்துத் திறக்கும் அருங்காட்சியகம் அல்ல, அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கீழ்த்தளம் முழுக்க நம்மூர் வீடு. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள், தூணுக்கு மேல் போதிகை. தலையை நிமிர்த்தினால் மாடி வேறு ஊரைப் பேசுகிறது. மரம் நின்று, காரையும் சுண்ணாம்பும் பூசிய ஐரோப்பியத் தூண்கள் தொடங்குகின்றன. இரண்டு தளமும் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்பதால் கண் மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும். கீழே குடும்பம், மேலே கவர்னரின் விருந்தாளிகள் என்று வழிகாட்டிகள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்த மனிதரின் வாழ்க்கையே இந்த இரண்டு தளங்களுக்கு இடையில்தான் நடந்தது என்பது மட்டும் எனக்கு உறுதியாகப் பட்டது.

வீடு 1738இல் கட்டியது என்கிறார்கள். ஆய்வாளனுக்கு அங்கேயே ஒரு கேள்வி எழ வேண்டும். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதே மாதத்தில் பிள்ளையும் இறந்தார். பிரெஞ்சுக்காரர்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை இடித்ததற்குப் பதிலாக ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தை இடித்துத் தள்ளினார்கள். 1765க்குப் பிறகு கவர்னர் லா தெ லொரிஸ்தோன் காலத்தில், பூர்சே என்ற பொறியாளர் பழைய தெருக்களின் மேலேயே ஊரை மறுபடி எழுப்பினார். அந்த இடிபாட்டில் தப்பிய சிலவற்றில் இந்த வீடும் ஒன்று என்பது ஊர் வழக்கு. தூணைத் தட்டிப் பார்த்து அதன் வயதைச் சொல்ல முடியாது. பழம்பொருள்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில், பிள்ளை காலத்துப் பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்ஸின் கட்டில் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். கட்டில் பேசாது. இந்த வீட்டில் இருந்தவற்றிலேயே வாய் திறந்து பேசிய ஒரே பொருள், 1846இல் கண்ணில் பட்ட கணக்கு நோட்டுகள்தான்.

அவற்றைத் தேடிக் கண்டவர் பிரெஞ்சுக்காரரான அர்மோன் கலுவா மோன்பிரன். 1736 செப்டம்பர் 6இல், அதாவது நள வருஷம் ஆவணி மாதத்தில் தொடங்கி 1761 ஜனவரி வரை பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, எண்பத்தைந்து ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் குடும்பத்தோடு கிடந்தது. மோன்பிரன் ஒரு படி எடுத்தார். அதே காலத்தில் எதுவார் அரியேல் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1892இல் புதுச்சேரியில் இருந்த ஆங்கிலப் பிரதிநிதி மக்ளியோட் சொல்லித்தான் சென்னை அரசுக்கு இதன் அருமை தெரிந்தது. பிறகு பிரைஸ், ரங்காச்சாரி, அவர்களுக்குப் பின் டாட்வெல் என்று கைமாறி, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகள் வந்தன. தமிழில் எழுதியது தமிழில் அச்சேற 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம்தான். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதியிராவிட்டால் பிள்ளையை இன்றைக்கும் பேராசிரியர்கள் மட்டுமே அறிந்திருப்பார்கள்.

நாட்குறிப்பில் என்ன இல்லை? கப்பல் வந்த நேரம், துணி மூட்டைகளின் கணக்கு, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள், மதாம் துப்ளேக்ஸ் மேல் பிள்ளைக்கிருந்த கசப்பு, 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்ட நாட்களின் துயரம். பட்டம், பல்லக்கு, மரியாதை பற்றி அவர் மிகக் கவனமாக எழுதுகிறவர். கவர்னர் மாளிகைக்குள் வாத்தியத்தோடு பல்லக்கில் போகும் உரிமை பெற்றவர் அல்லவா.

இங்கே தேடுகிறவர்கள் இடறும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் நாட்குறிப்பையும் சென்னைக் கோட்டை ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தேதிகள் பொருந்தாது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கிரிகோரியனுக்கு மாறிவிட்டார்கள். இடைவெளி பதினொரு நாள். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லபூர்தொனே சென்னையைப் பிடித்த நாள் ஆங்கிலக் கணக்கில் 1746 செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் 21. இரண்டுக்கும் பொதுவாக நிற்பது பிள்ளை எழுதிய தமிழ்த் தேதி, அட்சய வருஷம் புரட்டாசி. நான் ஒவ்வொரு குறிப்பையும் முதலில் தமிழ் வருஷம், மாதத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்துதான் மற்ற இரண்டையும் ஒப்பிட்டேன். 1749 என்றால் சுக்கில வருஷம். ஆடி மாதத்தில் ஆம்பூர்ப் போர், ஆற்காட்டு நவாப் அன்வருதீன் அதில் சாகிறார், வென்ற முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் புதுச்சேரிக்கு வந்து துப்ளேக்ஸுக்கு நன்றி செலுத்துகிறார்கள். பட்டம் இந்தச் சூழலில் பிறந்தது.

வரிசை இப்படித் துலங்கியதும் கேள்வியின் பாதி கரைந்துவிட்டது. தக்காணத்துச் சுபேதாரி தனக்கு என்று உரிமை கோரிக்கொண்டிருந்த முசாபர் ஜங்கின் கையில் அன்றைக்கு அது இன்னும் வரவில்லை. 1750 டிசம்பரில் போட்டியாளரான நாசிர் ஜங் கொல்லப்பட்ட பிறகுதான் வந்தது, சில வாரங்களில், 1751இன் தொடக்கத்தில், அவரும் கொல்லப்பட்டார். 1752இல் கிளைவ் கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். கோட்டை யாரிடமோ அவர்களிடமே வரி போகும் காலம் அது. ஆகப் பிள்ளையின் ஜாகீருக்கு அதிகம் போனால் மூன்று ஆண்டு ஆயுள்.

மறுபாதி, வரைபடத்தின் பிழை. ஒரகடம் வரை நீளும் செங்கல்பட்டு மாவட்டம் என் மனதில் இருந்தது. அது ஆங்கிலக் கும்பினி உருவாக்கியது. 1763இல் நவாப் முகமது அலி அந்தக் கும்பினிக்குக் கொடுத்த ஜாகீரின் எல்லைகளை வைத்து வளர்ந்தது. அந்த எல்லையை 1749க்கு இழுத்துக்கொண்டுபோய் வைப்பது நியாயம் இல்லை. நம் ஊர்களைப் பிள்ளையின் ஜாகீர் என்று தலபுராணம் எழுத நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

   

தேடலின் பலன் நான் போன திசையில் கிடைக்கவில்லை, அந்த 1763 ஜாகீரில் கிடைத்தது. தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அதன் சுமார் 2,000 ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, எந்தச் சாதி, என்ன தொழில், எத்தனை ஏரி, விளைச்சலில் தச்சனுக்கும் வண்ணானுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு பங்கு என்று எல்லாம் அதில் உண்டு. ஐதர் வருவதற்கு முன், ஊர்கள் ஊராக இருந்தபோது எடுத்த கணக்கு. கணக்கப்பிள்ளைகள் எழுதிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். வரலாற்றாய்வாளர் தரம்பால் இதன் பெருமையைச் சொன்னார். அவர் வழியில் சென்னையின் கொள்கை ஆய்வு மையத்தார் வாலாஜாபாத் பக்கத்து உள்ளாவூரின் கணக்கைப் படித்து வெளியிட்டார்கள். ஒரகடத்திலிருந்து அந்த ஊருக்குப் பேருந்தில் போய்வந்துவிடலாம். வல்லம் வடகால், மாத்தூர், ஒரகடம் என்று சிப்காட் பலகைகளில் மட்டும் பெயர் மிஞ்சிய ஊர்களின் ஓலைகளை இனி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்.