வலிமை ஒரு குற்றமா?



பரிசளிப்பு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுதுவதுதான் வழக்கம். நானோ இம்முறை நம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். விளையாட்டுக்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குள் நியாயம் எது, அநியாயம் எது என்ற பெரிய வழக்கும் உண்டு.

மலையில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? லயத்து வாசலில் வட்டமாக உட்கார்ந்து, சீட்டிலோ கைப்பேசியிலோ மிருகச் சண்டை ஆடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சல் கிளம்பும். "சார், அவன் அத வெச்சிருந்தா நாங்க எப்பிடி சார் ஜெயிக்கிறது? அத தடை பண்ணச் சொல்லுங்க!" இது சின்னப் பிள்ளைகளின் சண்டை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் இதே கேள்விக்காகப் பெரியவர்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள், நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள் என்பதை அறிவீர்களா?

முதலில் பிள்ளைகளின் ஆட்டத்தையே பார்ப்போம். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் ஆசை கொண்டிருந்தவர் ஜப்பானியரான சத்தோஷி தாஜிரி. அந்த ஆசையே பின்னாளில் போக்கிமோன் என்னும் விளையாட்டாக உருவெடுத்து, 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. அதிலே 151 கற்பனை மிருகங்கள். நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு என்ற நம் பழமொழிதான் அந்த ஆட்டத்தின் அஸ்திவாரம் என்று சொல்லலாம்.

அந்த அஸ்திவாரத்தை அசைத்தது மியூட்டூ என்ற மிருகம். கதைப்படி அது விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது. அதன் சிறப்புச் சக்தி 154, வேகம் 130. அதன் இனமோ மனோசக்தி இனம். அந்த இனத்தை அடக்கப் பூச்சி இனத்துத் தாக்குதல்தான் இருந்தது; அதிலும் பலமான அடி கிடையாது. ஆவி இனத்துத் தாக்குதலோ அன்றைய ஆட்டத்தில் மனோசக்தி இனத்தின் மேல் படவே இல்லை. ஆக, வல்லவன் வந்துவிட்டான். அவனுக்கு வல்லவன் வரவில்லை. மியூட்டூ இருப்பவன் ஜெயிப்பான், இல்லாதவன் தோற்பான் என்றால் மற்ற மிருகங்களை வளர்ப்பானேன்?

அதனால் 1997-இல் ஜப்பானில் நடந்த நிண்டெண்டோ கோப்பைப் போட்டியில் மியூட்டூவையும், அதன் மூலமான மியூ என்ற மிருகத்தையும் சேர்க்கக் கூடாது என்று விதித்தார்கள். இரண்டை விலக்கி 149-ஐ வாழ வைத்தார்கள். இது முதற்படி.

அத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1999-இல் வந்த அடுத்த பதிப்பில் இருள், எஃகு என்று இரண்டு புது இனங்களைப் படைத்தார்கள். மனோசக்தித் தாக்குதல் இருள் இனத்தைத் தொடவே முடியாது. சிறப்புச் சக்தி என்ற ஒரே அளவையும் தாக்குதல், தற்காப்பு என இரண்டாகப் பிரித்தார்கள். மியூட்டூவின் தாக்குதல் 154-ஆகவே இருந்தது. தற்காப்பு 90-க்கு இறங்கியது. பிறகு 2010-ஆம் ஆண்டு உலகப் போட்டியில், இத்தகைய மகா மிருகங்கள் ஓர் அணியில் இரண்டு வரை இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். முதலில் விலக்கு, பிறகு மாற்று மருந்து, அதன்பின் அளவோடு அனுமதி. பதின்மூன்று ஆண்டுகளில் வாசலுக்கு வெளியே நின்ற மிருகம் வாசலுக்குள் வந்துவிட்டது!

இது கற்பனை மிருகத்தின் கதை. இனி, இரத்தமும் சதையுமான நம்முடைய மிருகத்துக்கு வருவோம். அதுதான் ஜல்லிக்கட்டுக் காளை. ஏறு தழுவுதல் கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே பாடப்பட்ட பழைய வீர விளையாட்டு என்பதைத் தமிழாசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் வாடிவாசல் திறந்து காளை பாயும்போது, ஒரு மனிதனின் பலம் அதற்கு எந்த மூலைக்கு? காளைதான் அங்கே மிஞ்சிய வலிமை உடையது. ஆனாலும், "இந்தக் காளை ரொம்ப வலுத்தது, இத விடாதீங்க" என்று அதை விலக்குவது அந்த ஆட்டத்தின் வழக்கமில்லை. பிடித்தால் வீரனுக்குப் பரிசு; பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்குப் பரிசு. இக்காலத்தில் சிறந்த வீரருக்கு ஒரு பரிசு, சிறந்த காளைக்கு ஒரு பரிசு என்று தனித்தனியே கொடுக்கிறார்கள். நம் முன்னோர் வலிமையை வெளியே தள்ளவில்லை. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். கொம்பைப் பிடிக்காதே, வாலைப் பிடிக்காதே, திமிலை மட்டும் பிடி என்ற விதி இன்று மனிதனுக்குத்தான் இருக்கிறது.

அப்படியானால் காளைக்குத் தடை வந்ததே, அது எதனால்? 2011-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் இந்திய மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வித்தை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகள் என்று கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றோடு காளையையும் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. இங்கே காளையின் வலிமை காரணமல்ல. அது படும் துன்பமே காரணமாகச் சொல்லப்பட்டது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாக் கடற்கரையில் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டதை நாம் இங்கிருந்தே தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மாதமே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடையில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், நாட்டு மாடுகளைத்தான் களத்தில் விட வேண்டும், கலப்பின மாடுகளை விடக் கூடாது என்று உத்தரவிட்டது. எண்ணிப் பாருங்கள்: ஆட்டமே திமிலைப் பிடிப்பது. திமிலே சரியாக இல்லாத மாட்டில் வீரன் எதைப் பிடிப்பான்?

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? தடை என்று வாயைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு திமிலாவது இருக்கிறதா? ஒன்று உள்ளே இருப்பதால் மற்றவை எல்லாம் வீணாகின்றனவா? யாருக்காவது, வாயில்லா ஜீவன் உட்பட, துன்பம் நேர்கிறதா? முதற்கேள்விக்கு 'இல்லை' என்றோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றோ பதில் வந்தால், தடை கேட்பதில் நியாயம் உண்டு. அப்போதும் மாற்று வழி பிறக்கும் வரைதான் தடை இருக்க வேண்டும். அவ்வாறின்றி, "அவன் என்னைவிட வலுத்தவன்" என்பது மட்டுமே காரணமானால், அது நியாயமல்ல, பொறாமை.

தொழிலாளத் தோழர்களே, உங்கள் வேலையையே பாருங்கள். கையால் கொழுந்து கிள்ளுபவரையும், இயந்திரத்தால் வெட்டுபவரையும் ஒரே தராசில் நிறுத்திப் போட்டி வைத்தால் ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். அதற்காக இயந்திரத்தைப் பள்ளத்தில் தள்ளுங்கள் என்றும் சொல்ல மாட்டீர்கள். "அதுக்கு வேற கணக்கு, இதுக்கு வேற கணக்கு போடுங்க" என்றுதான் கேட்பீர்கள். அதுவே முறை.

பெற்றோர்களே, இன்றைய மேடையிலும் இந்த வழக்கு உண்டு. ஆண்டுதோறும் ஒரே பிள்ளை முதற்பரிசு வாங்கினால், "எல்லாம் அதுக்கேதானா?" என்று முணுமுணுப்பு எழுகிறது. அந்தப் பிள்ளையை விலக்குவது அதன் உழைப்புக்குத் தண்டனை. மற்றப் பிள்ளைகளைக் கைதட்ட மட்டும் உட்கார வைப்பதும் அவர்களுக்குத் தண்டனைதான். வயதுக்கு ஒரு பிரிவு, முன்னேற்றத்துக்கு ஒரு பரிசு, முயற்சிக்கு ஒரு பரிசு என்று வாசல்களைக் கூட்ட வேண்டும். முப்பது மதிப்பெண்ணிலிருந்து ஐம்பதுக்கு ஏறிய பிள்ளையும் மேடை ஏற வேண்டும். தொண்ணூறு எடுத்த பிள்ளையும் தலை நிமிர்ந்து ஏற வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பட்டணத்துப் பள்ளிகளோடு மோதும்போது, அவர்கள் உங்களைவிட வலுத்தவர்களாக இருக்கலாம். அன்று தடை கேட்காதீர்கள். திமில் எங்கே என்று தேடுங்கள். ஒருநாள் நீங்களே வலுத்தவர்கள் ஆனால், எதிரே நிற்பவனுக்கும் ஓர் இடம் விட்டு ஆடுங்கள்.

வலிமை குற்றமல்ல. எதிராளிக்கு வழியே இல்லாத ஆட்டம்தான் குற்றம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!