ஸ்டம்புகளுக்குப் பின்னே ஒரு வாழ்வு

புனே நகரின் மேற்குப் பகுதியான பாணேரிலிருந்து மும்பைச் சாலையில் சென்றால் கஹுஞ்சே என்னும் ஊரில் பெரியதொரு கிரிக்கெட் அரங்கைக் காணலாம். புனே நகரத்தார் தம் ஊரில் டெஸ்ட் ஆட்டம் ஒன்றை முதன்முதலாகக் கண்டது 2017ஆம் ஆண்டில், இந்த அரங்கில்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1987இல், புனேயில் காலமானவர் ஒருவர் உண்டு. மகாராஷ்டிர அணிக்காகவும் இந்தியாவுக்காகவும் விக்கெட் காத்த அவர், தம் நகரத்தார் முன்னிலையில் ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் ஆடும் பேறு பெற்றாரில்லை. பத்மநாப கோவிந்த ஜோஷி என்பது அவர் பெயர். நானா ஜோஷி என்றால்தான் ஆட்ட உலகம் அறியும்.

1926ஆம் ஆண்டு பரோடாவில் பிறந்த நானா, புகழ் தேடிக்கொண்டது மகாராஷ்டிர அணியில். பிறந்த ஊர் ஒன்று, பெயர் சொல்லும் ஊர் மற்றொன்று என்பது நம்மில் பலருக்குப் பழகிய நிலைதானே!

அந்நாளில் மாகாண அணியில் ஆடியவர் தம் திறமையைக் காட்டக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சில. 1956-57 வரை ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் தோற்றவர் வெளியேறும் முறையில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றால், அந்த ஆண்டுப் பந்தயம் அத்துடன் முடிந்தது. அடுத்த ஆண்டு முதல் மண்டல லீக் முறை வந்தது. ஆனால் மகாராஷ்டிரம் இடம்பெற்ற மேற்கு மண்டலத்திலேயே பம்பாயும் இருந்தது. 1958-59 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் அக்கோப்பையை ஒருவருக்கும் விட்டுக்கொடாத அணி அது.

இத்தகைய சூழலிலிருந்து எழுந்த நானா, 1951 நவம்பரில் தில்லியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடினார். அன்று ஷிண்டேயின் சுழற்பந்து ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தியது. இங்கிலாந்து 203 ஓட்டங்களில் சுருண்டது. அந்த இன்னிங்ஸில் நானா இருவரைக் கேட்ச் பிடித்தார்; இருவரை ஸ்டம்பிங் செய்தார். இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன வேண்டும்?

ஆயினும் இடம் நிலைக்கவில்லை. அத்தொடரின் ஐந்து டெஸ்டுகளில் ஜோஷி, மந்திரி, சென் என மூவர் மாறி மாறி விக்கெட் காத்தனர். இறுதி ஆட்டம் 1952 பிப்ரவரியில் நம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. மன்காத் பந்து வீச, சென் ஐவரை ஸ்டம்பிங் செய்தார். இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது. அந்த வெற்றியில் பங்கு கொள்ளும் வாய்ப்பு நானாவுக்கு இல்லை.

பின்னர் பம்பாயின் நரேன் தமானே வந்தார். தமானே 21 டெஸ்டுகளில் 51 பேரை வெளியேற்றினார். நானா 12 டெஸ்டுகளில் 27 பேரை வெளியேற்றினார். சராசரி பார்த்தால் இருவருக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. நானாவின் 27இல் ஒன்பது ஸ்டம்பிங்குகள், அதாவது மூன்றில் ஒரு பங்கு. பிற்காலத்தில் தோனி வெளியேற்றிய 294 பேரில் ஸ்டம்பிங் 38 மட்டுமே. இதைக் கொண்டு தோனியைக் குறைத்து மதிப்பிடலாகாது. இந்தியப் பந்துவீச்சு பெரிதும் சுழலையே நம்பியிருந்த காலம் நானாவின் காலம். காப்பாளர் ஸ்டம்புகளை ஒட்டியே குனிந்து நிற்க வேண்டும். மட்டையாளர் பந்தை மறைப்பார்; பந்து மண்ணில் பட்டு எப்பக்கம் திரும்பும் என்பது கடைசிக் கணத்தில்தான் தெரியும். மட்டையாளரின் கால் கோட்டைத் தாண்டும் அந்த நொடியில் பந்து கையிலும் இருக்க வேண்டும், ஸ்டம்பையும் தகர்க்க வேண்டும். நூறு பந்துகளைச் செவ்வனே பிடித்தவரை யாரும் பாராட்டுவதில்லை; ஒன்றைத் தவறவிட்டால் அரங்கமே பேசும்.

நானாவின் குறை மட்டையில் இருந்தது. டெஸ்டுகளில் அவர் எடுத்தவை மொத்தம் 207 ஓட்டங்களே. காலமோ மட்டையும் பிடிக்கவல்ல காப்பாளரை விரும்பத் தொடங்கியிருந்தது. 1960இல் வந்த புதி குந்தரன், 1964இல் சென்னையில் 192 ஓட்டங்கள் குவித்து அப்போக்கை உறுதிப்படுத்தினார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 1960 டிசம்பர், பம்பாய், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம். எட்டு விக்கெட்டுகள் வீழ்ந்து ஸ்கோர் 300. அப்போது நானாவும் வேகப்பந்து வீச்சாளர் ரமாகாந்த் தேசாயும் இணைந்தனர். இருவரும் சேர்த்தவை 149 ஓட்டங்கள். தேசாய் 85இல் வீழ்ந்தார். நானா 52 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். ஒன்பதாவது விக்கெட்டுக்கு இந்தியாவின் சாதனையாக அறுபது ஆண்டுகளைக் கடந்தும் அது நின்றது. மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்ற பழியை மட்டையாலேயே துடைத்தார் அவர். அதுவே அவருடைய கடைசி டெஸ்டாகவும் அமைந்தது!

ஒன்பது ஆண்டுகளில் பன்னிரண்டு டெஸ்டுகள். அழைத்தபோது சென்றார், அழைக்காதபோது மகாராஷ்டிரத்திற்கு விக்கெட் காத்தார். அடுத்த முறை கஹுஞ்சே அரங்கிற்குச் செல்லும் அன்பர்கள், பந்து வீசுபவரையும் அடிப்பவரையும் கண்டபின், ஸ்டம்புகளுக்குப் பின்னே குனிந்து நிற்பவரையும் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். நானா ஜோஷி நின்ற இடம் அதுதான்.