கத்தியின் திசையும் மரத்த தோலும்

முழங்காலின் முன் சிலுவைத் தசைநாரை, அதாவது ஏ.சி.எல்.லைச் சீரமைக்கும் அறுவையின் வரலாறு, பெரும்பாலும் மூட்டின் உள்ளே நிகழ்ந்தவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1895இல் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்துச் சேர்த்தார். 1917இல் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத் திசுப்பட்டையைக் கொண்டு புதிய தசைநார் அமைக்கும் முறையை வெளியிட்டார். 1963இல் கென்னத் ஜோன்ஸ், முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தினார். மூட்டு உறுதி பெற்றதா என்பதே அவர்கள் முன்னிருந்த வினா. தோலில் இட்ட கீறல், உள்ளே செல்லும் வாயில் மட்டுமே.

தோலை ஆராய்ந்தோர் இல்லாமலில்லை. 1861இல் வியன்னாவின் கார்ல் லாங்கர், உருண்ட ஊசியால் பிணங்களின் தோலில் துளையிட்டார். துளைகள் வட்டமாக நில்லாமல் நீள்பிளவுகளாயின. அவற்றை இணைத்து வரைந்த கோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆயினும் அக்கோடுகள் தழும்பு எவ்வாறு ஆறும் என்பதற்கே வழிகாட்டின. தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைக் காட்டவில்லை.

அந்நரம்பு, சஃபீனஸ் நரம்பின் ஒரு கிளை. முழங்காலின் உட்புறத்திலிருந்து சில்லுக்குக் கீழாகக் குறுக்கே சென்று, அங்குள்ள தோலுக்கு உணர்வளிக்கிறது. காலின் நீண்ட சிரைக்கு வழங்கிய பெயரே நரம்புக்கும் ஆயிற்று. 'தெளிவாகத் தெரிவது' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம் என்பர் சிலர். 'மறைந்திருப்பது' என்னும் அரபுச் சொல் என்பர் வேறு சிலர். இச்சிறு கிளைக்குப் பின்னதே பொருந்துகிறது.

தொடையின் பின்புறத் தசைநாண்களை எடுத்துப் பொருத்தும் முறை பரவியபோது, கீறல் சிறுத்தது, சிக்கல் தீரவில்லை. கணைக்காலின் மேற்பகுதியில் செங்குத்தாகக் கீறினால், குறுக்கே ஓடும் கிளை கத்தியின் வழியில் அகப்படுகிறது. சாய்வாகக் கீறினால், கத்தி நரம்பின் போக்கை ஒட்டிச் செல்கிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், சாய்வுக் கீறலில் மரத்துப்போதல் குறைவாகவே காணப்பட்டது. எனினும் அது முழுக்காப்பன்று. நரம்பின் போக்கு ஆளுக்கு ஆள் மாறும். தசைநாணை உரித்தெடுக்கும் கருவியாலும் நரம்பு காயமுறலாம்.

இக்கிளை தசையை இயக்குவதில்லை. ஆகவே அது அறுபடுவதால் காலின் வலு குறையாது. மரத்த பரப்பும் பலருக்குக் காலப்போக்கில் சுருங்குகிறது. அதனாலேயே இது சிறு விளைவென ஒதுக்கப்பட்டு வந்தது. ஆனால் மண்டியிட்டுத் தொழுவோருக்கும், முழங்காலூன்றி வேலை செய்வோருக்கும் அது அன்றாட அனுபவம். முன்னரே அறிந்த நோயாளி அதை எதிர்பார்த்த விளைவாக ஏற்கிறார். அறியாதவரோ அறுவையில் பிழை நேர்ந்ததென அஞ்சுகிறார். கீறலின் திசையைத் தேர்வது மருத்துவரின் பொறுப்பு; அதன் விளைவை அறுவைக்கு முன்பே கேட்டறிவது நோயாளியின் உரிமை.