சோறு போட்ட சத்திரம், வாடகைக்கு விட்ட சத்திரம்: தாமிரபரணிப் பகுதியில் ஒரு கட்டட வகையின் வரலாறு

நெல்லைப் பக்கம் இன்று சத்திரம் என்றால் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். நாள் வாடகை எவ்வளவு, பாத்திரத்துக்குத் தனியா, கரண்டுக்குத் தனியா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கட்டும் இடம் அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே சொல் காசு கேட்காத இடத்தைக் குறித்தது. ரயில் வந்தது, சத்திரம் போயிற்று என்பார்கள். கட்டடத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கட்டடத்துக்குச் சோறு கொடுத்த நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

வழியும் தங்கலும்

வழிப்போக்கருக்கான அறங்களில் படிநிலை உண்டு. சுமைதாங்கிக் கல் தலைப்பாரத்தை இறக்கியது. தண்ணீர்ப் பந்தல் தாகம் தீர்த்தது. சாவடி இரவுக்கு ஒதுங்க இடம் தந்தது. இவற்றோடு உணவும் சேர்ந்தால் அது சத்திரம். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் (1689–1706) போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் தென்மாவட்டங்களில் இன்றும் பேசப்படுகின்றன. மங்கம்மாள் சாலை என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது.

மாட்டு வண்டி ஒரு நாளில் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் போகும். நெல்லையிலிருந்து தென்காசிக்கு இரண்டு நாள் வழி என்றால் நடுவில் ஓர் இரவு எங்காவது தங்கியே ஆகவேண்டும். தாமிரபரணி ஆறும் ஆளை நிறுத்தி வைத்தது. சிரஸ்தேதார் என்னும் அரசுப் பதவியில் இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்படும்வரை, திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகுதான். வெள்ளம் வடியும்வரை கரையில் காத்திருப்போருக்குக் கூரை தேவைப்பட்டது. திருவிழா நாளில் சுவாமி வந்து இருக்கக் கட்டிய கரை மண்டபங்கள் மற்ற நாட்களில் அவர்களுக்கு நிழலாயின.

கட்டடமும் நிலமும்

சத்திரத்தின் அமைப்பு எளிமையானது. தெருவைப் பார்த்து நீண்ட திண்ணை. அதன் ஓரத்தில் தலை சாய்க்க வாகாகச் சுண்ணாம்புக் காரையில் சரித்துக் கட்டிய திண்டு. சுவரில் விளக்குப் பிறை. உள்ளே முற்றம், அதைச் சுற்றிக் கூடம், பின்கட்டில் கோட்டை அடுப்புகளோடு அடுக்களை, அதற்கும் பின்னே கிணறு. திண்ணைக்குக் கதவு கிடையாது. நடுச்சாமத்தில் வருகிறவர் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

அடுப்பு எரிந்தது நிலத்தின் பலத்தில். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு போகம் நெல் விளைந்தது. சத்திரத்துக்கென மானியமாக எழுதிவைத்த நஞ்சையின் நெல் அதன் அடுக்களைக்கு வந்தது. அந்த வருவாயில் என்னவெல்லாம் நடந்தன என்பதைத் தஞ்சாவூர் அரசர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி 1801இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி பருப்பாகக் கொடுத்தார்கள். நோயாளிக்கு வைத்தியர் இருந்தார். குழந்தைக்குப் பால் கிடைத்தது. நள்ளிரவில் மணி அடித்து, பசியோடு படுத்தவர்களைச் சாப்பிட அழைத்தார்கள்.

பதிவேட்டில் நேர்ந்த பிரிவு

அதே 1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. திருநெல்வேலிச் சீமையும் அதில் அடக்கம். கோயில், சத்திரம், பாலம் ஆகியவற்றுக்கான மானியங்களை 1817ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் ஒன்றாக வைத்தது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தின்படி அரசு சமய நிறுவனங்களின் நிர்வாகத்திலிருந்து விலகியது. சத்திரம் சமயம் சாராத தருமமாகக் கருதப்பட்டதால் தனியே நின்றது. 1871, 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் அத்தகைய பொதுச் சத்திரங்கள் உள்ளாட்சிப் பொறுப்புக்குச் சென்றன. தனியார் சத்திரங்கள் தருமகர்த்தாக்களிடமே இருந்தன.

இந்தப் பிரிவுதான் திருப்புமுனை. கோயிலோடும் கட்டளையோடும் சேர்ந்திருந்த சத்திரம் இப்போது சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வரிசையில் ஒரு செலவினம். பழைய சத்திரம் பிறகு பள்ளியாகவோ மாணவர் விடுதியாகவோ அலுவலகமாகவோ மாறுவதற்கு அதன் கூடமும் முற்றமும் மட்டுமல்ல, கணக்குப் புத்தகமும் வழிவிட்டது.

ரயிலும் பந்தியும்

1876இல் ரயில் நெல்லைக்கு வந்தது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லம்வரை பாதை முடிந்தது. இரண்டு நாள் வழி சில மணி நேரமானது; நடுவழி இரவு இல்லாமல் போனது.

இன்னொரு கேள்வியும் எழுந்தது: பந்தியில் யார் பக்கத்தில் யார்? எல்லாருக்கும் சோறு போட்ட சத்திரத்திலும் சாதிக்கு ஏற்ப இடமும் சமையலும் வேறாக இருந்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி போட்டது 1924–25இல் தமிழக அரசியலையே உலுக்கியது. தனிப்பந்தியைத் தருமம் என்று சொல்லிக் கடந்துபோக அதன்பின் முடியவில்லை. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தரும சத்திரங்களையும் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் சேர்த்தது.

முடிவாக

ரயில் சத்திரத்திடமிருந்து பயணியைப் பிரித்தது. அதற்கு முன்பே நிர்வாகம் சத்திரத்தைக் கோயிலிடமிருந்து பிரித்திருந்தது. மானியத்தின் நெல் நின்ற இடங்களில் அடுப்பும் அணைந்தது. எஞ்சியவை கூடமும் முற்றமும் பெயரும். மூன்றையும் கல்யாணம் எடுத்துக்கொண்டது. இன்றைய சத்திரத்திலும் பந்தி உண்டு, கோட்டை அடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு உண்டு. அழைப்பிதழ் இல்லாதவர் படுத்து எழுந்து போகத் திண்ணைதான் இல்லை.