கோணல் எழுத்தும் இயந்திரமும்

பிள்ளை மூலையில் கோணலாக 'அ' எழுதினாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது. இயந்திரமோ, எழுத்து சற்று நகர்ந்தாலே திருதிருவென்று முழித்தது.

1980-இல் ஜப்பானியர் குனிஹிகோ ஃபுக்குஷிமா ஒரு வழி கண்டார். படத்தைச் சிறு சிறு பகுதியாகப் பார்த்து, கோடு, வளைவுகளைத் தேட வேண்டும்; அவை கொஞ்சம் இடம் மாறினாலும் பரவாயில்லை. 1989-இல் அமெரிக்காவில் யான் லெக்குன் குழுவினர், பஃபலோ தபால் நிலையக் கடிதங்களிலிருந்த 9,298 கையெழுத்து எண்களைக் கொண்டு இத்தகைய வலையைப் பழக்கிச் சோதித்தனர்.

நம் தமிழுக்கு? 247 எழுத்தையும் தனித்தனியே பழக்க வேண்டியதில்லை. 'கா' என்பது க-வும் துணைக்காலும்தானே! 156 வடிவம் போதும். எச்.பி. ஆய்வகத்தார் பெங்களூரிலும் சேலத்திலும் வடிவத்துக்குச் சுமார் 500 மாதிரி எழுதி வாங்கினார்கள். 2006-இல் அவற்றை வைத்துப் போட்டியும் நடந்தது.

எழுதிக் கொடுத்தவர்களில் பள்ளிப்பிள்ளைகளும் உண்டு. கோழி கிண்டியதுபோல எழுதுகிறான் என்று நாம் திட்டுகிறோமே, அப்படிப்பட்ட எழுத்தையும் பார்த்துப் பழகினால்தான் அந்த இயந்திரம் தேறும்.